8 அடி நுரைப்பலகையிலிருந்து 6 அடிப் பலகைக்கு நேராக மாறலாமா?

கரைமணல்:
சென்னைக்கு அருகே உள்ள கோவளத்தில் சில பருவங்களாக 8 அடி நுரைப்பலகையில் அலைச்சறுக்குப் பழகி வருகிறேன். பயிற்சியாளர் தள்ளிவிடாமல் நானே உடையாத அலையைப் பிடிக்கிறேன். எழுந்து நின்றபின் அலையின் முகப்பில் வலப்பக்கமும் இடப்பக்கமும் போக முடிகிறது. ஆனால் திருப்பம் என்று சொல்லத்தக்க எதற்கும் அந்தப் பலகை இடங்கொடுப்பதில்லை. என் எடை 72 கிலோ. தெரிந்தவர் ஒருவரிடம் பழைய பலகை ஒன்று விலைக்கு வந்துள்ளது: 6 அடி நீளம், 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், 28 லிட்டர் கனஅளவு, அடியில் மூன்று ஃபின்கள் (மீன்துடுப்பு போன்ற தகடுகள்). இதை வாங்கலாமா, அல்லது இடையில் வேறொரு பலகை தேவையா?

வங்கக்கடலோன்:
வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் நுரைப்பலகை ஏறத்தாழ 80 லிட்டர் இருக்கும். அதிலிருந்து 28 லிட்டருக்கு இறங்குவது ஒரு படி அன்று, மாடியிலிருந்து குதிப்பது. ஒரு லிட்டர் கனஅளவு ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத்தான் நீரில் தாங்கும். 80 லிட்டர் பலகையில் குப்புறப் படுத்தால் உங்கள் உடல் முழுவதும் நீருக்கு மேலே இருக்கும். 28 லிட்டர் பலகையிலோ பலகையே நீருக்குள் அமிழ்ந்து, நெஞ்சும் வயிறும் நனைந்துகொண்டே கைகளைத் துடுப்பாக்கி நீரைத் தள்ள வேண்டியிருக்கும். அலை உங்களைத் தூக்குமுன் நீங்கள் அலையின் வேகத்தை ஓரளவேனும் எட்டியிருக்க வேண்டும். அமிழ்ந்த பலகையில் அந்த வேகம் வராது. ஆகையால் அலை செங்குத்தாக நிமிர்ந்து உடையப்போகும் கடைசி நொடியில்தான் உங்களால் ஏற முடியும், அந்த நொடியில் எழுந்து நிற்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வந்திருக்காது. 7 அடி நீளமும் 45 லிட்டர் கனஅளவும் உள்ள பலகை ஒன்றைத் தேடுங்கள். அதிலும் பக்க விளிம்பை அலைக்குள் அழுத்தித் திரும்பலாம். அலைகளும் கைக்கு வரும்.

மீன்வால்:
நண்பர் வங்கக்கடலோன் சொல்லும் கணக்கு சரிதான், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. பெரிய பலகையில் நீடித்துப் பழகுபவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் சில பழக்கங்களைப் பின்னால் கழற்றுவது மிகக் கடினம். முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்பது, பின்காலை வாலுக்கு மேல் வைக்காமல் பலகையின் நடுவிலேயே நிற்பது, தோளையும் இடுப்பையும் திருப்பாமல் கைகளை வீசித் திரும்ப முயல்வது ஆகியவற்றைப் பெரிய பலகை மன்னித்துவிடுகிறது. சிறிய பலகை மன்னிக்காது. தவறாக நின்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நான் நுரைப்பலகையிலிருந்து நேராக 6 அடிப் பலகைக்குத்தான் மாறினேன். தொடக்கத்தில் அலைகள் குறைந்தன என்பது உண்மை, ஆனால் பிடித்த ஒவ்வோர் அலையிலும் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுரை கொதித்து வரும்போது 8 அடி நுரைப்பலகையை நீருக்குள் அமிழ்த்தி அலைக்கு அடியில் நுழைந்து வெளியேற முடியாது; பலகையோடு தலைகீழாகப் புரண்டு, அதன் அடியில் தொங்கிக்கொண்டு அலை கடந்துபோகக் காத்திருப்பதுதான் வழி. சிறிய பலகையின் மூக்கை இரு கைகளாலும் அழுத்தி, வாலை முழங்காலாலோ காலாலோ தள்ளினால், அலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம். அலைகள் உடையும் இடத்துக்கு அப்பால் எல்லோரும் காத்திருக்கும் வெளிவரிசையை அடைவதற்குள் கை ஓய்ந்துபோவதும் அலைகளைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வங்கக்கடலோன்:
கடலில் இருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கைகளால் நீரைத் தள்ளுவதிலும் காத்திருப்பதிலுமே கழிகிறது. பலகையின் மேல் நிற்கும் நேரம் சில நிமிடங்களைத் தாண்டுவதில்லை. அந்தச் சில நிமிடங்களையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு திருப்பங்களைக் கற்பது எப்படி? அமிழ்த்தும் வசதியைப் பற்றி நீங்கள் சொன்னது பெரிய அலைகளுக்குப் பொருந்தும். கோவளத்தில் பெரும்பாலான நாட்களில் இடுப்பளவு, மார்பளவு அலைகள்தாம். அவற்றைக் கடக்க 28 லிட்டர் தேவையில்லை.

பொத்துவிலான்:
இரு தரப்பும் பலகையையே பேசுகிறீர்கள், அலையைப் பேசவில்லை. நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. பிரதான முனையில் அலை பாறைத் தளத்தின் மேல் உடைந்து, வலப்பக்கமாக நீண்ட தூரம் ஓடும். தள்ளுவிசை அலையிலேயே இருப்பதால் மெல்லிய சிறிய பலகையும் அங்கே உயிர்பெறும். அதே பலகையை அருகே உள்ள விஸ்கி முனைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள மென்மையான அலையில் கால்வாசித் தூரம் போகுமுன் நின்றுவிடும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் நீண்ட இடைவெளி அலைகள், அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அதிக நொடிகள் உள்ள அலைகள், நல்லவை. அவை இல்லாத நாட்களில் உள்ளூர்க் காற்று எழுப்பும் குறுகிய இடைவெளி அலைகள்தாம் மிஞ்சும், அவற்றுக்கு வலு குறைவு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தின் முன்னறிவிப்பில் அலை உயரத்தோடு இடைவெளியும் நொடிக்கணக்கில் தரப்படுகிறது. தம்பி கரைமணல், உயரத்தை மட்டும் பார்க்காமல் அந்த இடைவெளியையும் சில வாரங்கள் குறித்து வாருங்கள். உங்கள் கடலில் எத்தகைய அலை அதிகம் என்பது தெரிந்தபின் பலகையைத் தேடலாம்.

நீளத்தையும் கனஅளவையும் மட்டும் வைத்துப் பலகையை முடிவுசெய்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்பக்கத்தின் வளைவு, அதாவது ராக்கர், அதே அளவு முக்கியம். மூக்கு அதிகம் மேலே வளைந்த பலகை செங்குத்தான அலையில் மூக்குக் குத்தாமல் இறங்கும். தட்டையான அலையிலோ முன்னால் நீரைத் தள்ளிக்கொண்டு மந்தமாகப் போகும். நீங்கள் சொன்ன 6 அடிப் பலகை போட்டியாளர்களுக்காகச் செய்யப்படும் வகையாக இருந்தால் அதில் வளைவு அதிகமாகவே இருக்கும்.

மீன்வால்:
பொத்துவிலான் அண்ணன் சொன்னதையே என் வாதத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். வலுவற்ற அலைக்கு நீளமான பலகைதான் ஒரே விடை என்று எந்த விதியும் இல்லை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் செய்த ‘ஃபிஷ்’ பலகை, முழங்காலிட்டு ஓட்டுவதற்காகவே பிறந்தது; குட்டையாகவும் அகலமாகவும் தட்டையாகவும், வால் மீனின் வாலைப்போல் பிளந்தும், இரண்டே ஃபின்களோடும் இருந்தது. அதன் வழிவந்த பலகைகள் இன்று சிறிய அலைகளில் வேகத்துக்குப் பெயர் பெற்றவை. 6 அடி 4 அங்குல நீளம், 21½ அங்குல அகலம், 2¾ அங்குலத் தடிமன் என்றால் கனஅளவு 40 லிட்டரைத் தொடும். ஆகவே கரைமணல் குட்டையான பலகைக்கு ஆசைப்படுவதில் தவறில்லை. 7 அடிப் பலகை வாங்கினால், பயன்படுத்தாத பலகை ஒன்று வீட்டில் மூலையில் நிற்கும், அவ்வளவுதான்.

வங்கக்கடலோன்:
இப்போது நீங்கள் 28 லிட்டரிலிருந்து 40 லிட்டருக்கு வந்துவிட்டீர்கள். நான் 45 என்றேன். நமக்கிடையே மிஞ்சியிருப்பது 5 லிட்டரும் 8 அங்குலமும்தான். ஆயினும் ஒன்று கேட்கிறேன்: நேராக 6 அடிப் பலகைக்கு மாறினேன் என்றீர்களே, அப்போது உங்கள் எடை என்ன?

மீன்வால்:
58 கிலோ.

வங்கக்கடலோன்:
அப்படியானால் நீங்களும் கரைமணலும் ஒரே பலகையில் ஏறினாலும் அது இருவருக்கும் ஒரே பலகை ஆகாது. 28 லிட்டரை 58 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 0.48 லிட்டர் வருகிறது. 72 கிலோவால் வகுத்தால் 0.39. தொழில்முறை வீரர்கள் ஏறத்தாழ 0.35 அளவில் ஓட்டுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு இருந்த அதே வசதி கரைமணலுக்கும் வேண்டுமென்றால் அவருக்கு 35 லிட்டர் தேவை. நீங்கள் பதின்வயதிலிருந்தே கடலில் நீந்திய தோள்களுடையவராக இருந்தால், அதற்கும் மேலே சேர்க்க வேண்டும். வார இறுதியில் மட்டும் கடலுக்கு வரும் அலுவலகத்துக்காரருக்கு 42 முதல் 45 லிட்டர் என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

மீன்வால்:
எடைக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பெரிய பலகை பழக்கங்களைக் கெடுக்கும் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வங்கக்கடலோன்:
8 அடி நுரைப்பலகை கெடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதன் விளிம்பு தடித்து உருண்டிருப்பதால் அலையின் முகப்பைப் பற்றுவதே இல்லை. கண்ணாடியிழை போர்த்திய 7 அடிப் பலகையின் விளிம்பு வாலுக்கருகே கூர்மையாக இருக்கும். பின்காலைச் சரியான இடத்தில் வைத்து முன்தோளைத் திருப்பினால் அது திரும்பும். நடுவில் நின்றால் திரும்பாது. நீங்கள் கேட்கும் கண்டிப்பு அதிலேயே இருக்கிறது.

பொத்துவிலான்:
பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசாததால் நான் சொல்கிறேன். கடினப் பலகையின் மூக்கும் ஃபின்களும் நுரைப்பலகையினுடையவை போல் இரா. விழும்போது பலகையைக் கைவிட்டுவிடும் பழக்கம் இருந்தால் அருகில் இருப்பவரின் முகம் கிழியும். எங்கள் பிரதான முனையில் கூட்டமான காலைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பலகையை மாற்றுமுன் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். முடிந்தால் பருவத்தில் இங்கே வந்து வாடகைப் பலகைகளில் பழகிப் பாருங்கள். முதலில் 7 அடி, பிறகு 6 அடி 8 அங்குலம், அதன்பின் ‘ஃபிஷ்’ என்று இறங்கினால், எந்த அளவில் அலைகள் கைநழுவத் தொடங்குகின்றன என்பது உங்கள் கைகளுக்கே தெரிந்துவிடும். அதற்கு ஓர் அளவு மேலே உள்ளதை வாங்குங்கள்.

கரைமணல்:
மூவருக்கும் நன்றி. 28 லிட்டர் பலகையை விட்டுவிடுகிறேன். நண்பர் மீன்வால் சொன்ன அளவில், 40 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமான பலகையை முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறேன். அதில் அலைகள் வரவில்லையென்றால் 7 அடிக்குப் போகிறேன். பழைய பலகை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வங்கக்கடலோன்:
மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். காலூன்றும் இடத்தில் அது உள்வாங்கினாலோ, கண்ணாடியிழைப் போர்வை உள்ளிருக்கும் நுரையிலிருந்து பிரிந்து காற்றுக்குமிழிபோல் எழும்பியிருந்தாலோ வாங்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த பலகைகளுக்கு இந்தக் கேடு எளிதில் வருகிறது. ஃபின் பொருத்தும் பெட்டிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, எங்கேனும் பழுப்பு நிறக் கறை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கறை இருந்தால் உள்ளே நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

மீன்வால்:
கரைமணல், அந்த 6 அடிப் பலகையை விற்பவரிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள். நாளை காலையே வந்து பார்க்கிறேன்.