கராஜுக்கு எந்த ஹீற்றர் நல்லம்? வாள் ஓடினா பிறேக்கர் விழுது (ஸ்காபுறோ, கனடா)

கரம்போட்_பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபுறோவில வீட்டோட ஒட்டின கராஜ், 20க்கு 20 அடி, சீலிங் 9 அடி. ஒரு பக்கம் கார் நிக்கும், மற்றப் பக்கத்தில நான் கரம் போட் செய்யிறன், தெரிஞ்ச ஆக்களுக்கும் எங்கட ஊர்ச் சங்கத்துக்கும். விண்டர் வந்தா வேலை நிண்டுபோகுது. 1500 வாற்ஸ் சின்ன ஹீற்றர் ஒண்டு வச்சிருக்கிறன், அதைப் போட்டுக்கொண்டு ரேபிள் சோவை (மேசை வாள்) ஓட்டினா உடன பிறேக்கர் விழுது, ஹீற்றரை நிப்பாட்டினா கை விறைக்குது. அதைவிடப் பெரிய பிரச்சினை பசை. போட்டிட பிறேமை ஒட்டி கிளாம்ப் போட்டு விட்டு அடுத்த நாள் பாத்தா மூலையில பசை காய்ஞ்ச இடம் சோக்குத் தூள் மாதிரி வெள்ளையா இருக்கு, நகத்தால சுரண்ட உதிருது. கடையில ஒராள் புரொப்பேன் ஹீற்றர் வாங்குங்கோ, பத்து நிமிசத்தில சூடாகும் எண்டு சொன்னார். வாங்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மார்க்கம்_வயர்மன்:
தம்பி, முதல்ல பிறேக்கர் ஏன் விழுது எண்டு சொல்லுறன். 1500 வாற்ஸை 120 வோல்ற்ஸால பிரிச்சா 12.5 அம்ப். உங்கட சோ அனேகமா 15 அம்ப் எண்டு எழுதியிருக்கும். கராஜ் பிளக் எல்லாம் ஒரே 15 அம்ப் லைன்ல இருந்தா ரெண்டும் ஒண்டா ஓடவே ஏலாது. பிறேக்கர் தன்ர வேலையைத்தான் செய்யுது, அதை மாத்திப் பெரிசு போடுங்கோ எண்டு ஆரும் சொன்னா கேக்க வேண்டாம், சுவருக்குள்ள போற வயர் அதுக்குத் தாங்காது. எக்ஸ்டென்சன் வயர்ல ஹீற்றரை வேற லைனுக்குக் கொழுவுறதும் வேண்டாம்.

புரொப்பேன் சங்கதிக்கு ஒரே பதில், வேண்டாம். புகைக்குழாய் இல்லாத ஹீற்றர் மூடின கராஜுக்குள்ள எரிஞ்சா கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு வரும், உங்கட கராஜ் வீட்டோட ஒட்டினது, அது கதவிடுக்கால வீட்டுக்குள்ள போகும், மணமும் இல்லை நிறமும் இல்லை. சிலிண்டரை கராஜுக்குள்ள வைக்கவும் கூடாது. மரவேலைக்கு இன்னொரு கெடுதலும் இருக்கு, ஒரு கிலோ புரொப்பேன் எரிஞ்சா கிட்டத்தட்ட 1.6 கிலோ தண்ணி ஆவியா வரும், அது முழுக்க உங்கட பிளைவூட்டிலயும் குளிர்ந்த சோவின்ர இரும்பிலயும்தான் போய்ப் படியும். பலகை வளையும், இரும்பு கறள் பிடிக்கும்.

உங்கட அளவுக்கு 240 வோல்ற்ஸ், 5 கிலோவாற் ஃபான் ஹீற்றர், சீலிங்கில கொழுவுறது. மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 17,000 பி.ரி.யு. சூடு. 21 அம்ப் இழுக்கும், தனி 30 அம்ப் ரெண்டு போல் பிறேக்கர் (240 வோல்ற்ஸுக்கு, பனலில ரெண்டு இடம் பிடிக்கும்), 10 கேஜ் வயர்.

பிராம்ப்டன்_சென்னைக்காரன்:
ப்ரோ, ஹீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி கதவைப் பாருங்க. உங்க கராஜ் டோர் வெறும் தகடா இல்ல உள்ள ஃபோம் இருக்கா? சீலிங்குக்கு மேல ரூம் இருக்கா, இல்ல வெறும் அட்டிக்கா? இன்சுலேஷன் இல்லாத அட்டிக்னா 5 கிலோவாட் பத்தாது, வெளிய மைனஸ் 15 இருக்கும்போது உள்ள 15 டிகிரி கொண்டு வரணும்னா 30 டிகிரி வித்தியாசம், நீங்க வாங்கற சூடு எல்லாம் மேல போயிடும். சுவர்ல ஆர்-12 இன்சுலேஷன் (நம்பர் கூடினா சூடு வெளிய போறது குறையும்), சீலிங்ல நல்ல இன்சுலேஷன், இன்சுலேட் பண்ண கதவு, கதவைச் சுத்தி புது ரப்பர், இதெல்லாம் இருந்தா அதே கராஜுக்கு சுமார் 3 கிலோவாட் போதும்னு என் கணக்கு. நான் எங்க வீட்ல முதல்ல அடியில இருக்கற ரப்பரைத்தான் மாத்தினேன், காத்து வர்றது அப்பவே பாதி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணு கவனிங்க, ஃபோம் போர்டை சுவர்ல ஒட்டிட்டு அப்படியே விட்றாதீங்க, மேல ட்ரைவால் போடணும், தீப்பிடிச்சா ரொம்ப வேகமா எரியும்.

பட்ஜெட் இருந்தா குளிர் நாட்டுக்குன்னு வர்ற மினி ஸ்ப்ளிட் (சுவர்ல மாட்டற ஹீட் பம்ப்) பாருங்க, கரண்ட் கம்மி, கோடையில ஏசியும் ஆச்சு. ஆனா மரத்தூள் ஃபில்டரை அடைக்கும், அடிக்கடி கழுவணும்.

கரம்போட்_பிரியன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. கதவு வெறும் தகடுதான், மேல பெட்ரூம் இருக்கு. காஸ் ஹீற்றர் எப்பிடி? வீட்டுக்கு காஸ் லைன் இருக்கு. எங்கட பனல் (பிறேக்கர் பெட்டி) 100 அம்ப், அடுப்பு, ட்றையர், ஏ.சி. எல்லாம் அதில. இடம் காணுமோ? வார்னிஷும் உள்ளுக்கதான் அடிக்கிறனான்.

மார்க்கம்_வயர்மன்:
மேல பெட்ரூம் எண்டால் கட்டேக்க இன்சுலேஷன் போட்டிருக்கத்தான் வேணும், அது உங்களுக்கு நல்லம். அப்ப கதவுதான் ஓட்டை, அதை முதல் செய்யுங்கோ.

காஸ் யூனிற் ஹீற்றர் நல்ல சாமான், ஓடுற செலவும் குறைவு. ஆனால் எரியிறதுக்கு வேண்டிய காத்தை வெளியில இருந்து எடுத்து புகையையும் வெளியில விடுற வகையைத்தான் எடுக்க வேணும், ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவில காஸ் வேலைப் பாதுகாப்பைப் பாக்கிற அமைப்பு) லைசன்ஸ் உள்ள ஆள்தான் பூட்ட வேணும். கிழமையில ரெண்டு மூண்டு பின்னேரம் வேலை செய்யிற ஆளுக்கு அந்தச் செலவு மெத்த.

பனலுக்கு லோட் கணக்குப் பாக்க வேணும். வீடு காஸ் ஃபேர்னஸ்ல சூடாகுது எண்டால் 100 அம்ப்பில அனேகமா இடம் வரும், கோடையில ஏ.சி., விண்டர்ல ஹீற்றர், ரெண்டும் ஒண்டா ஓடாது எண்டதால பொதுவா பெரிசைத்தான் கணக்கில எடுப்பம். நாளைக்கு எலெக்ரிக் கார் வாங்கிற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ. ஆளைப் பிடிக்கேக்க லைசன்ஸ் உள்ள கொன்ட்ராக்டரோ எண்டு பாத்து, ஈ.எஸ்.ஏ. (கரண்ட் வேலைப் பாதுகாப்பைப் பாக்கிற அமைப்பு) பேர்மிற் எடுக்கச் சொல்லுங்கோ. பேர்மிற் இல்லாமல் மலிவா செய்து தாறன் எண்டு வாறவையிட்ட குடுக்காதேங்கோ, வீடு எரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான்.

வார்னிஷ்தான் எனக்குப் பயம். ஹீற்றர் கம்பி சிவந்து எரியேக்க எண்ணெய் வார்னிஷ், தின்னர் ஆவி அதில பட்டாக் காணும், தீப்பிடிக்கும். தண்ணி வார்னிஷுக்கு மாறுங்கோ, எண்ணெய்தான் அடிக்க வேணுமெண்டா வெயில் காலத்துக்கு வையுங்கோ. ஹீற்றர் மெனுவலிலயே பெற்றோல், பெயின்ற் உள்ள இடத்தில பாவிக்க வேண்டாம் எண்டு எழுதியிருக்கும், வாங்க முதல் வாசிச்சுப் பாருங்கோ. பெற்றோல் ஆவி நிலத்தோடதான் கிடக்கும், அதுக்குத்தான் சீலிங்கில கொழுவச் சொல்லுறன், உங்கட காரும் அங்கதான் நிக்குது.

வீட்டுமாடி_அக்கா:
தம்பி, பெட்ரூம் வாசல்ல கார்பன் மொனொக்சைட் அலாம் இருக்கோ எண்டு பாருங்கோ. கராஜ் ஒட்டின வீட்டுக்கு ஒன்ராறியோவில 2014இல இருந்து சட்டமே இருக்கு. பிள்ளையள் மேல படுக்கிறவை.
பசைக்கு நான் ஒண்டு சொல்லுறன், எங்கட அவரும் மரவேலைதான். காத்துச் சூடாகினாக் காணாது, பலகையே சூடாக வேணும். முதல் நாள் இரவே பிறேம் கட்டையளையும் பசைப் போத்தலையும் வீட்டுக்குள்ள கொண்டுவந்து வையுங்கோ. அனேகமான மரப்பசைக்கு 10 டிகிரிக்கு மேல வேணும், போத்தல்ல எழுதியிருக்கும். ஒட்டினாப் பிறகும் ஹீற்றரை உடன நிப்பாட்டாதேங்கோ, இல்லாட்டி போட்டை வீட்டுக்குள்ள தூக்கி வையுங்கோ.

கரம்போட்_பிரியன்:
அலாம் இருக்கு அக்கா. அப்ப முதல்ல கதவு, பிறகு 5 கிலோவாற். ஒரு கேள்வி அண்ணை, தூள் ஹீற்றருக்குள்ள போகாதோ? ஹைட்ரோ (கரண்ட்) பில் எப்பிடி வரும்?

மார்க்கம்_வயர்மன்:
போகும். அதால சோவில இருந்து தள்ளி, மூலையில, காத்து உங்களை நோக்கி வாற மாதிரிக் கொழுவச் சொல்லுங்கோ. மாசம் ஒருக்கா பிறேக்கரை நிப்பாட்டி, சூடு ஆறினாப் பிறகு கொம்பிரசரால ஊதி விடுங்கோ. கருகின மணம் வந்தா அண்டைக்கே ஊதுங்கோ.
பில், முழுசா ஒரு மணித்தியாலம் ஓடினா 5 யூனிற். தெர்மோஸ்ராற் இருந்தா சூடேறினாப் பிறகு நிண்டு நிண்டுதான் ஓடும். நேரத்துக்கு நேரம் விலை மாறுற பிளான் எண்டால் கிழமை நாளில பின்னேரம் 7க்குப் பிறகும் சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு. விண்டர்ல 5 தொடக்கம் 7 வரைக்கும் விலை கூட, வேலையால வந்த உடன போடாமல் சாப்பிட்டிட்டு 7க்குப் போடுங்கோ. பனல் கதவைத் திறந்து, பிறேக்கர் லிஸ்ற் தெரியிற மாதிரி ஒரு படம் போடுங்கோ, ரெண்டு போலுக்கு இடம் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுறன். உள் மூடியைக் கழட்ட வேண்டாம்.