[கலைச்சொல்] டிஜே மென்பொருளில் "சிங்க்": பொருத்தமா, சேர்த்தலா?

அனைவருக்கும் வணக்கம்.

"பீட்மேட்சிங்", "சிங்க்" இரண்டுக்கும் தமிழ் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. எதற்காகக் கேட்கிறேன் என்று அப்போது சொல்லவில்லை. என்னிடம் நான்கு பையன்கள் டிஜே வேலை பழகுகிறார்கள். சென்னையில் கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா, அபார்ட்மெண்ட் புத்தாண்டுக் கொண்டாட்டம், இவைதான் எங்கள் பிழைப்பு. மிக்ஸ் என்ற திறமூல மென்பொருளில் கற்றுக்கொடுக்கிறேன், காசு கேட்காது என்பதால். அதன் ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தால் பையன்கள் திறப்பதே இல்லை. அதனால் முப்பது பக்கத்தில் நானே தமிழில் ஒன்று எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பாட்டு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பாட்டு என் ஹெட்ஃபோனில் மட்டும். முதலாவது நிமிடத்துக்கு 120 அடி, இரண்டாவது 122 என்று வையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் பதினைந்தே நொடியில் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் வந்து விழும். அதைத் தடுக்க இரண்டாவதன் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, அடிமேல் அடி விழும்படி தள்ளிவிட வேண்டும். 1960களின் கடைசியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ இதை இசைத்தட்டில் கையாலேயே செய்து காட்டினார். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் 1979இல் வந்த எம்கே2 தட்டுச்சுழற்றியில் இதற்கென்றே ஒரு நெம்பு இருக்கிறது. வேகத்தை எட்டு சதவீதம் வரை ஏற்றலாம், இறக்கலாம். காதால் கேட்டுக் கையால் செய்வது, இதுதான் பீட்மேட்சிங். மென்பொருளில் இதே வேலைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அது சிங்க்.

இனி உங்கள் யோசனைகள்.

> இரண்டுக்கும் "ஒத்திசைவு" போதுமே. கைப்பேசியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அதுதான் சிக்கல். ஒத்திசைவு என்றால் பையன்கள் தொடர்பு எண்களைக் கூகுளில் ஏற்றுவதைத்தான் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஆள் செய்யும் வேலைக்கும் பொத்தான் செய்யும் வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால் இரண்டும் ஒன்று என்றே ஆகிவிடும். ஒன்று இல்லை.

> "தாளப்பொருத்தம்" எப்படி?

படித்தவுடனே பிடித்துவிட்டது. பீட்மேட்சிங்குக்கு இதுவே என்று எழுதியும் விட்டேன். அப்புறம் வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தபோதுதான் வேறு மாதிரித் தோன்றியது.

மாப்பிள்ளை அழைப்பு முடிந்து ரிசப்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அத்தை வந்து, எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு பாட்டைப் போட்டே ஆகவேண்டும் என்றார். போட்டேன். அந்தக் காலத்துப் பாட்டு, வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், சரணத்துக்குப் போகும்போது உற்சாகத்தில் ஒரு பிடி கூடியிருக்கும். கேட்பவருக்கு அது குறையே இல்லை. மென்பொருளோ ஆரம்பத்தில் 118 என்று ஊகித்து, பாட்டு முடியும்வரை சம இடைவெளியில் கோடு போட்டு வைத்திருந்தது. சரணத்தில் பாட்டு 121க்கு வந்துவிட்டது. கோடு இன்னும் 118இலேயே நிற்கிறது.

இது தெரியாமல் அடுத்த பாட்டை ஏற்றிச் சிங்க்கை அமுக்கினேன். திரையில் இரண்டு பாட்டின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக நின்றன. ஸ்பீக்கரிலோ படிக்கட்டில் எவர்சில்வர் குடம் உருள்வதுபோலச் சத்தம். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியப்பா தூக்கிய கையை இறக்காமல் என்னையே பார்த்தார். மறுபடி அமுக்கினேன். அதே உருளல்.

மேடை ஓரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் சொன்னார்: "தம்பி, ரெண்டும் சேரலையே. பொத்தான விடுங்க, காதக் குடுங்க." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்துத் தொடையில் தட்ட ஆரம்பித்தார். சிங்க்கை அணைத்தேன். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறுகாது மண்டபத்துக்கு, கண் அவர் கையில். நெம்பை ஒரு முடி அளவு ஏற்றி, சக்கரத்தை விரலால் இரண்டு முறை தள்ளினேன். ஐந்தாறு நொடியில் சேர்ந்தது. பெரியப்பாவின் கையும் இறங்கி ஏறியது.

அவர் சொன்ன சொல்லைக் கவனியுங்கள். "ஒத்திசையல" என்று சொல்லவில்லை, "பொருந்தல" என்றும் சொல்லவில்லை. "சேரல." சுருதி சேர்ப்பது என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, தம்புராவை மடியில் வைத்து முறுக்கி முறுக்கி. அந்த வேலையைச் சுருதிப்பொருத்தம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சுருதி சேர்ப்பதுபோல இதுவும் கேட்டுக் கேட்டுத் திருத்தும் வேலை. ஆகவே பீட்மேட்சிங் = தாளம் சேர்த்தல். புதுச் சொல்கூட இல்லை, பக்கத்து வீட்டுச் சொல்.

அப்படியானால் தாளப்பொருத்தத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அது சிங்க்குக்குத்தான் கனகச்சிதம். பொருத்தம் எதை வைத்துப் பார்க்கிறோம்? கட்டத்தை வைத்து. ஜோதிடர் பெண்ணையும் பார்த்ததில்லை, பையனையும் பார்த்ததில்லை. இரண்டு கட்டத்தையும் அருகருகே வைத்து எண்ணுகிறார். சிங்க்கும் அதேதான். அமுக்கும் நேரத்தில் அது பாட்டைக் கேட்பதே இல்லை. முன்கூட்டியே போட்டு வைத்த கோடுகளை மட்டும் பார்க்கிறது. பிறந்த நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டால் பத்துப் பொருத்தமும் தப்பு. வடபழனியில் எனக்கு ஆனது அதுதான்.

இதனால் மென்பொருள் போட்டு வைக்கும் அந்தக் கோடுகளுக்கும், அதாவது பீட்கிரிட்டுக்கும், பெயர் கிடைத்துவிட்டது: தாளக்கட்டம். (ஒருவர் "அடிக்கோடுகள்" என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "பாட்டில் அடிக்கோடுகளைச் சரிபார்" என்று படித்தால் பையன் பேனாவைத் தேடுவான்.)

கட்டம் தப்பாக விழ இன்னொரு காரணமும் உண்டு, நம் ஊருக்கே உரியது. குத்துப்பாட்டு பல திஸ்ர நடையில் போகும். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று தட்டு. மென்பொருள் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணிப் பழகியது. நிமிடத்துக்கு 100 அடி என்று சொல்லவேண்டிய பாட்டை 150 என்று சொல்லிவிடும், ஏனென்றால் அந்த முந்நூறு தட்டுகளை மும்மூன்றாகப் பிரிக்காமல் இரண்டிரண்டாகப் பிரித்துவிடுகிறது. பறை அடிக்கிற பையனைக் கேட்டால் காலால் தட்டிச் சரியான எண்ணைக் காட்டிவிடுவான். கையேட்டில் இதற்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

நான் சிங்க்குக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கணினியிலேயே செய்த இன்றைய பாட்டுகளில் வேகம் மாறுவதில்லை, கட்டம் கல்லில் வெட்டினதுபோல நிற்கும். அங்கே அமுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். மிக்ஸில் பொத்தானைத் தட்டினால் ஒரு முறை பொருத்திவிட்டு விட்டுவிடும். அமுக்கிப் பிடித்தால் அதன்பின் இரண்டும் சேர்ந்தே ஓடும். பிந்தையதற்குத் தாளப்பூட்டு என்று வைத்திருக்கிறேன், ஏரில் மாடு பூட்டுவதுபோல.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டை எங்கிருந்து தொடங்குவது என்று குறித்து வைக்கும் க்யூ பாயிண்டுக்கு எடுப்பு. கச்சேரிக்காரர்கள் வைத்திருக்கும் சொல்தான். எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்று வீட்டில் சிரித்தார்கள். வந்தால் வரட்டும், மறக்காது.

லேட்டன்சிக்குத் "தாமதம்" என்றால் ரயில் நினைவு வருகிறது. சுணக்கம் என்று வைக்கிறேன். விரல் பொத்தானில் பட்டதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் உள்ள சுணக்கம். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் ஓடும்போது இடையகத்தில் (ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் நினைவிடம்) 1,024 மாதிரி பிடித்து வைத்தால் 23 மில்லிநொடி சுணங்கும். 256 என்றால் 6 மில்லிநொடிக்குள். குறைவே நல்லது என்று மிகவும் இறக்கினால் சூடேறிய லேப்டாப் தாக்குப்பிடிக்காமல் கரகரக்கும். மே மாதத்தில், ஏசி வேலை செய்யாத மண்டபத்தில், இது பாடமல்ல, அனுபவம்.

இணையத்திலிருந்து நேரடியாக வரும் பாட்டுக்கு ஓடை, நம் கணினி வட்டில் இருப்பதற்குக் கையிருப்பு. இந்த வேறுபாட்டுக்குச் சொல் அவசியம். 2020 ஜூலை 1 முதல் டிஜே மென்பொருள்களில் தன் பாட்டுகளை ஓட்ட முடியாதபடி ஸ்பாட்டிஃபை நிறுத்தியது. அதற்கு முந்தைய அக்டோபரில் ஆப்பிள் தன் புதிய இயங்குதளத்திலிருந்து ஐட்யூன்ஸை எடுத்துவிட்டதால், அதன் பட்டியல் கோப்பை நம்பியிருந்த மென்பொருள்கள் பட்டியல் தெரியாமல் முழித்தன. கையிருப்பைத் தனியாக வைத்திருந்தவர்களுக்கு மண்டபத்தில் வேர்க்கவில்லை.

கடைசியாக, முதல் லேப்டாப் படுத்துவிட்டால் எடுக்க வைத்திருக்கும் இரண்டாவது. "மாற்றுக்கணினி", "காப்புக்கணினி" இரண்டும் வந்திருக்கின்றன. எங்கள் வண்டியில் அதன் பெயர் ஸ்டெப்னி. மாற்ற மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து

---

தம்பிக்கு,

தாளம் சேர்த்தல் நல்ல சொல். நானே நாற்பது ஆண்டு மிருதங்கம் வாசித்தவன், இன்னும் மயிலாப்பூரில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருக்கிறது.

எடுப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. எடுப்பு என்பது தாள ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. சுற்றின் முதல் அடியான சமத்தில் எடுக்கலாம், அதற்கு முன்னால் அதீதத்தில் எடுக்கலாம், தாளம் விழுந்தபின் அனாகதத்தில் எடுக்கலாம். உங்கள் ஆட்கள் ஒரு பாட்டுக்குள் எட்டு இடத்தில் வண்ண வண்ணமாகப் பொத்தான் வைத்துக்கொள்கிறார்களே, என் பேரன் காட்டினான், அதையெல்லாம் எடுப்பு என்றால் சொல்லின் பொருள் கரைந்துவிடும். ஒரு பாட்டுக்கு எட்டு எடுப்பா?

அப்புறம், பொருத்தம் பற்றிய உங்கள் ஜோதிட வாதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எங்களுக்குப் பத்தில் நான்குதான் பொருந்தியதாம். ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது.

---

வணக்கம். நான் மென்பொருள் இடைமுகங்களைத் தமிழாக்குபவள், பெரம்பூர். சொல்லாய்வு சரி, பொத்தானில் இடம் எங்கே? "தாளப்பொருத்தம்" அங்கே நிற்காது. எழுத்தைச் சிறிதாக்கினால் இருட்டு மண்டபத்தில் தெரியாது. கையேட்டில் முழுச்சொல்லும் பொத்தானில் "பொருத்து" என்ற ஏவலும் போடலாம். சேமி, திற, மூடு என்பதுபோல.

---

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

ஐயா சொன்னதை ஏற்கிறேன். பாட்டு மண்டபத்துக்குள் நுழையும் இடம் ஒன்றுதான் எடுப்பு. பாட்டை ஏற்றியதும் வந்து நிற்கும் முதன்மைப் புள்ளிக்கு மட்டும் அந்தச் சொல். வண்ணப் பொத்தான்கள் எட்டும் குறி: ஒன்றாம் குறி, இரண்டாம் குறி. இதில் எனக்கு ஒரு லாபமும் இருக்கிறது. எடுப்பை ஓர் அடி தள்ளி வைத்துவிட்டு, சிங்க் அமுக்கியும் ஏன் இடிக்கிறது என்று பையன்கள் கேட்பார்கள். அதீதம், அனாகதம் என்று இரண்டு சொல் கையில் இருந்தால் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆங்கிலக் கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஆகிறது.

அக்கா, "பொருத்து" என்று ஒட்டித்தாள் அச்சடித்து, மென்பொருளை இயக்கும் பொத்தான் பெட்டியான கன்ட்ரோலரில் சிங்க் பொத்தான்மேல் ஒட்டிப் பார்த்தேன். நேற்று மாலை, பையன்களில் இளையவன் வந்தான். பார்த்தான். பின்பக்கம் திருப்பி ஒயர்களைப் பார்த்தான். "அண்ணே, எதப் பொருத்தணும்? கேபிள் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான்.

இப்போது "பொருத்தம்" என்று மாற்றி ஒட்டியிருக்கிறேன். ஓர் எழுத்துதான் கூடுதல், இடம் போதும். அதைப் படித்துவிட்டு அவனே தாளக்கட்டத்தைத் திறந்து பார்த்தான். திருத்திய பதினோரு பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். திஸ்ர நடைப் பக்கங்களை ஐயா ஒரு முறை பார்த்துக்கொடுத்தால் நல்லது.