சிவப்புத் தொப்பிச் சிறுமி தானே தப்பினால் என்ன?

செங்காந்தள்: சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் ஏய்க்கும் ஐரோப்பியக் கதையைக் குழந்தைகளுக்காகப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கதையில் அவளைக் காப்பாற்ற வரும் வேட்டைக்காரர் கிடையாது. சிறுமி தன் புத்தியால் பிழைக்கிறாள். அவளுக்கு வழி சொல்ல, கானா நாட்டுக் கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி அனன்சியையும் அந்தக் காட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். நாட்டார் கதை ஊர்ப் பொதுக் கிணறு. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம் என்பது என் கட்சி.

வேம்பு: எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட கதை, ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு முடிகிறது. காப்பாற்ற யாரும் வரவில்லை. அந்த அச்சம்தான் கதையின் உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது தொப்பி மட்டும்தான்.

செங்காந்தள்: பெரோ அரசவை வட்டத்துக்காக எழுதியவர், ஐயா. கிராமத்தில் வேறு முடிவும் இருந்தது. பிரான்சின் நிவெர்னே பகுதியில் அஷீல் மில்லியேன் 1885 வாக்கில் பதிவுசெய்த வாய்மொழிக் கதையைப் பாருங்கள். வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள் சிறுமி. ஓநாய்க்குப் பதிலாக இதில் வரும் ஓநாய் மனிதன் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். அவள் கயிற்றை முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். வேட்டைக்காரரும் இல்லை, சிவப்புத் தொப்பியும் இல்லை. நான் புதிதாக எதையும் திணிக்கவில்லை.

வேம்பு: அது பெரோவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிந்திய பதிவு. அதுதான் மூத்தது என்று பல ஆய்வாளர்கள் கருதினாலும், கருத்து வேறு, சான்று வேறு. அதை விடுங்கள். அதே கதையில் பாட்டியின் இறைச்சியைச் சிறுமி அறியாமல் தின்கிறாள், இரத்தத்தை மது என்று குடிக்கிறாள். அதையும் எழுதுவீர்களா? கயிறு மட்டும் வேண்டும், இறைச்சி வேண்டாம் என்றால், கிராமத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

ஆற்றங்கரை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதே கதையை ஜெர்மனியில் வெளியிட்ட கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. வேட்டைக்காரர் காப்பாற்றிய பிறகு கதை தொடர்கிறது. இன்னொரு ஓநாய் வந்து கூரைமேல் காத்திருக்கிறது. பாட்டி சொற்படி, சாசேஜ் வேகவைத்த தண்ணீரைச் சிறுமி வாசலிலுள்ள கல்தொட்டியில் ஊற்றி நிரப்புகிறாள். வாசனைக்குக் கழுத்தை நீட்டிய ஓநாய் சறுக்கி விழுந்து மூழ்கிச் சாகிறது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து வெல்லும் இந்தப் பகுதியை ஏன் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள்? எனக்கு இதுதான் ஆதங்கம்.

என் கவலை அனன்சியைப் பற்றியது. கானாவின் அகான் மக்களின் கதையில், வானக் கடவுள் நியாமேயிடமிருந்து கதைகளை விலைக்கு வாங்க மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிகளையும் பிடிக்கிறான். பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்ரே 1930இல் வெளியிட்ட தொகுப்பில் அதற்கு வழி சொல்பவள் மனைவி அசோ. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களோடு கடல் கடந்து ஜமைக்கா போனவன் அவன். அங்கே வலியவனை எளியவன் ஏய்க்கும் கதையாக நின்றான். அவனைப் பிரெஞ்சுக் காட்டில் வழிகாட்டும் பூச்சியாக்கினால் அவனிடம் என்ன மிஞ்சும்?

செங்காந்தள்: அனன்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவனை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். அசோவை நடுவில் வைத்து அவனுக்குத் தனிக்கதை எழுதுவேன். அகான் மக்களுடையது என்று முதல் பக்கத்திலேயே சொல்வேன். ஆனால் வேம்பு ஐயா, இறைச்சியை ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத மாட்டேன். கேட்பவர் முகம் பார்த்து விடுவதும் சேர்ப்பதும் கதைசொல்லியின் உரிமை.

வேம்பு: முகம் பார்த்துச் சொன்னவருக்கு அந்த உரிமை உண்டு. அச்சில் போடுபவர் யார் முகத்தைப் பார்க்கிறார்? விட்டதை விட்டேன் என்று பின்னுரையில் எழுதுங்கள், பெரியவர்களாவது படிக்கட்டும். அதுவரை என் எதிர்ப்பு நிற்கும்.