ஏலம் வந்த பிறகும் இரும்புத்தாதுவில் ஓட்டை எங்கே?

சிவப்புமண்:
2015 சுரங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரும்புத்தாதுச் சுரங்கக் குத்தகை ஏலத்தில்தான் போகிறது. கர்நாடகத்தின் பல்லாரியில் சுரங்க ஊழல் நடந்த காலத்து மாதிரி ஆளைப் பார்த்துக் கொடுப்பது நின்றது. ஆனால் 2020 ஒடிசா ஏலத்தில் சிலர் தாது விலையில் 100 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் (ஏலத்தில் அரசுக்குத் தருவதாகச் சொல்லும் பங்கு) தருவதாக எடுத்தார்கள். அரசுக்குக் கட்டும் ராயல்டி 15 சதவீதம் தனி. இதில் எப்படிக் கட்டுப்படியாகும்?

கணக்காயன்:
சொந்த எஃகு ஆலை இருந்தால் தாது கையில் இருப்பதே லாபம். மற்றபடி, தரத்தைப் பாருங்க. பிரீமியமும் ராயல்டியும் கணக்கிடுவது இந்திய சுரங்கப் பணியகம் மாதாமாதம் தரவாரியாக வெளியிடும் சராசரி விற்பனை விலையில். 62–65 சதவீத இரும்புள்ள தாதுவை 58–60 என்று எழுதினால் அந்த விலை இறங்கிவிடும். வித்தியாசம் டன்னுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. பிரீமியம் 100, ராயல்டி 15 என்றால் டன்னுக்கு 1,150 ரூபாய் மிச்சம். 4,000 டன் ஏற்றும் ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு சரக்கு ரயிலுக்கு, 46 லட்சம். ராயல்டி மட்டும் கட்டிய பழைய குத்தகைதாரருக்கு இதே தில்லுமுல்லில் 6 லட்சம்தான் கிடைத்திருக்கும். ஏலத்தொகை ஏற ஏற, தரம் பார்க்க மாதிரி எடுப்பவருக்குக் கொடுக்கும் லஞ்சமும் கட்டுப்படியாகிறது.

நிலவியல்:
சரியாகச் சொன்னீங்க. லேபைச் சந்தேகப்படும் முன், மாதிரி எடுக்கும் தாதுக் குவியலைப் பாருங்க. கொட்டும்போது பெரிய கட்டிகள் அடிக்கு உருளும், தூள் நடுவில் தங்கும். இரண்டிலும் இரும்பின் அளவு வேறு என்பதால், ஒரே பக்கம் மேலாக அள்ளினால் வேண்டிய எண்ணை வரவழைக்கலாம். ஏற்றும்போது ஓடும் பெல்ட்டிலிருந்து சம இடைவெளியில் எடுப்பதுதான் நம்பகமானது. கலந்து, பொடித்து, மூன்றாகப் பிரித்து சீல் வைக்கணும்: ஒன்று லேபுக்கு, ஒன்று குத்தகைதாரருக்கு, ஒன்று தகராறு வந்தால் திறக்க. லேபுக்கு சீல் எண் மட்டும் போகட்டும், சுரங்கத்தின் பெயர் போகக் கூடாது.

அடுத்து, வாங்கிய ஆலையின் ஆய்வு முடிவைக் கேட்டு வாங்கணும். தரத்துக்குப் பணம் கொடுப்பவர் பொய் எண் எழுத மாட்டார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே குழுமம் என்றால் இந்தச் சோதனை செல்லாது. வெளி லேப்தான் வழி.

சிவப்புமண்:
எடையில் ஏமாற்றினால்?

கணக்காயன்:
குழியை அளந்தால் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டத் திட்டமிட்ட சுரங்கங்களும் 50 ஹெக்டேருக்கு மேற்பட்டவையும் வருடந்தோறும் ட்ரோன் படம் தரணும் என்று 2021-இல் விதி வந்தது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையே குறைந்த கன அளவை அடர்த்தியால் பெருக்கி, கழிவுக்கல்லைக் கழியுங்க. அது அனுப்பியதும் இருப்பில் கூடியதும் சேர்ந்த கணக்கோடு ஒத்துப்போகணும். அடர்த்தியை எழுதுவது குத்தகைதாரரே என்றால் அங்கேயே கணக்கைச் சரிக்கட்டிவிடுவார். துறை தனியாக அளக்கணும். சட்டப்படி அனுமதி இல்லாமல் தாது எடுத்தது நிரூபணமானால், சுரங்கச் சட்டத்தின் 21(5) பிரிவில் அதன் முழு விலையையும் வசூலிக்கலாம். 2017-இல் ஒடிசா வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதியை மீறி வெட்டிய தாதுவுக்கு உச்ச நீதிமன்றம் அதைத்தான் செய்தது.