பைத்தான் ஸ்கிரிப்டின் அவுட்புட் வின்ஃபார்ம்ஸ் டெக்ஸ்ட்பாக்ஸில் வரவில்லை, விண்டோ உறைகிறது

கேள்வி:
சி ஷார்ப் வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் விண்டோக்களை உருவாக்கும் தொகுப்பு) பட்டனை அழுத்தினால் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். அது பிரிண்ட் செய்வதெல்லாம் டெக்ஸ்ட்பாக்ஸில் வர வேண்டும். ரீடைரக்ட்ஸ்டாண்டர்ட்அவுட்புட் ட்ரூ, யூஸ்ஷெல்எக்ஸிக்யூட் ஃபால்ஸ். கிளிக் ஈவென்ட்டிலேயே வெயிட்ஃபார்எக்ஸிட் (ஸ்கிரிப்ட் முடியும்வரை காத்திருப்பது), அடுத்து ரீட்டுஎண்ட் (அவுட்புட் முழுவதையும் படிப்பது). சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நிறைய பிரிண்ட் செய்யும் ஸ்கிரிப்ட் என்றால் விண்டோ உறைந்துவிடுகிறது, பைத்தானும் முடிவதில்லை.

பதில்:
பைத்தானின் அவுட்புட் உங்கள் நிரலுக்கு வரும் வழிதான் பைப்; அதன் பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம், சில கிலோபைட்தான். அது நிரம்பியதும் படிக்க ஆளில்லாமல் பைத்தான் பிரிண்டிலேயே நின்றுவிடும். அது முடியட்டும் என்று நீங்கள், நீங்கள் படியுங்கள் என்று அது. ரீட்டுஎண்டை முன்னால் போட்டால் இந்த முடிச்சு அவிழும்; ஆனால் ஸ்கிரிப்ட் முடியும்வரை விண்டோ உறைந்தேதான் இருக்கும். எரர் ஸ்ட்ரீமையும் ரீடைரக்ட் செய்தால் அங்கேயும் இதே சிக்கல் வரும்.

அவுட்புட்டேட்டாரிசீவ்ட், எரர்டேட்டாரிசீவ்ட் ஈவென்ட் இரண்டுக்கும் ஹேண்ட்லர் (வரி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) போடுங்கள். ஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் வரிவரியாகப் படிக்கத் தொடங்கும் பிகின்அவுட்புட்ரீட்லைன், பிகின்எரர்ரீட்லைன். கிளிக் ஈவென்ட்டில் வெயிட்ஃபார்எக்ஸிட் கூடவே கூடாது. எனேபிள்ரெய்சிங்ஈவென்ட்ஸை ட்ரூ ஆக்கி ஸ்கிரிப்ட் முடிந்ததைச் சொல்லும் எக்ஸிட்டட் ஈவென்ட்டைப் பிடியுங்கள்.

ஹேண்ட்லர், விண்டோவை இயக்கும் யூஐ த்ரெட்டில் அல்லாமல் வேறு த்ரெட்டில் (தனியாக ஓடும் வேலைத்தொடர்) ஓடும். அதனால் டெக்ஸ்ட்பாக்ஸை நேரடியாகத் தொடாமல் பிகின்இன்வோக் வழியாக அப்பெண்ட்டெக்ஸ்ட் செய்யுங்கள். வெறும் இன்வோக் என்றால் யூஐ த்ரெட் வேலையை முடிக்கும்வரை ஹேண்ட்லர் காத்திருக்கும். யூஐ த்ரெட் வெயிட்ஃபார்எக்ஸிட்டில் நின்றால் மறுபடி டெட்லாக், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நிற்கும் அதே முடிச்சு. ஸ்ட்ரீம் முடியும்போது டேட்டா null (மதிப்பே இல்லாத நிலை) ஆக வரும், அதையும் சோதித்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, இப்போது உறையவில்லை. ஆனால் எல்லா வரியும் கடைசியில் மொத்தமாகக் கொட்டுகிறது. தமிழ் எழுத்தை பிரிண்ட் செய்யும் இடத்தில் யூனிகோட்என்கோட்எரர் வேறு.

பதில்:
இரண்டும் பைத்தான் பக்கத்து விஷயம். அவுட்புட் கன்சோலுக்குப் போனால் வரிக்கு வரி அனுப்பும். பைப்புக்குப் போனால் பஃபர் நிறைந்தால்தான் அனுப்பும். பஃபரில் தேக்காமல் உடனே அனுப்ப, ஆர்கியுமென்ட்ஸில் ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் ஹைஃபன் யூ (-u) சேருங்கள். முக்கியமான வரி மட்டும் உடனே வந்தால் போதுமென்றால், அந்த பிரிண்டில் ஃப்ளஷ் ட்ரூ போதும்.

விண்டோஸில் பைப்புக்கு எழுதும்போது பைத்தான் பொதுவாக சிஸ்டத்தின் கோட்பேஜை (எழுத்துகளுக்கான குறியீட்டு அட்டவணை) எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் இல்லாததால்தான் எரர். என்விரான்மென்ட் வேரியபிளில் பைத்தான்ஐஓஎன்கோடிங் என்பதற்கு யூடிஎஃப்-8 கொடுங்கள். சி ஷார்ப் பக்கம் ஸ்டாண்டர்ட்அவுட்புட்என்கோடிங், ஸ்டாண்டர்ட்எரர்என்கோடிங் இரண்டையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். பைத்தான் பக்கம் மட்டும் மாற்றினால் எரர் போய் எழுத்து கந்தலாகும்.

ஸ்கிரிப்டில் பயனரிடம் பதில் கேட்கும் இன்புட் இருந்தால் அதன் கேள்வி டெக்ஸ்ட்பாக்ஸில் வராது: பிகின்அவுட்புட்ரீட்லைன் வரி முடியும்வரை காத்திருக்கும், கேள்வியின் கடைசியில் வரிமுறிவு இல்லை. அப்படிப்பட்ட ஸ்கிரிப்டுக்கு ஸ்டாண்டர்ட்அவுட்புட்டை ரீட்அசிங்க் கொண்டு எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரே ஸ்ட்ரீமில் பிகின்அவுட்புட்ரீட்லைன், ரீட்அசிங்க் என்ற இரண்டு முறையையும் கலந்தால் இன்வேலிட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் வரும்.