‘ஒழுக்கு’ என்ற சொல்லைக் கைவிட வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கில ‘ஃப்ளோ’வுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டே வருகிறேன். ஆங்கிலத்தில் ஃப்ளோ என்று ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பாலிடெக்னிக்கில் பாய்ம இயக்கவியல், அதாவது நீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்ற பாடம், நடத்துகிறவன் நான். தினமும் இந்தச் சொற்களோடுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்பே மக்கள் பாதியைப் பிரித்து வைத்துவிட்டார்கள். உடம்பில் ஓடுவது இரத்த ஓட்டம். கம்பியில் ஓடுவது மின்னோட்டம். மழைக்காலத்தில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டச் செய்தியில், 48 அடி கொள்ளளவு கொண்ட பேச்சிப்பாறை அணைக்கும் 77 அடி பெருஞ்சாணி அணைக்கும் ‘நீர்வரத்து’ இத்தனை கனஅடி என்றுதான் வரும். உள்ளே வருவதற்கு ‘வரத்து’ என்று தனிச்சொல். குளம் நிரம்பி வழிந்தால் ‘மறுகால் பாய்கிறது’. ஒரு பரப்பை ஊடுருவிச் செல்லும் அளவுக்கு (ஆங்கிலத்தில் ஃப்ளக்ஸ்) பாடநூலில் ‘பாயம்’ நிலைத்துவிட்டது. காந்தப் பாயம் என்று படித்த பிள்ளைகளிடம் போய் அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

கடலோரத்துக்குப் போனால் இன்னொரு சொல் கிடைக்கும். கடலின் நீரோட்டத்தை எங்கள் மீனவர்கள் ‘நீவாடு’ என்பார்கள். வாநீவாடு, சோநீவாடு என்று வகை பிரித்தும் சொல்வார்கள். வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கடலியல் நூல்களில் ‘பெருங்கடல் நீரோட்டம்’ என்று நீட்டுவதற்குப் பதிலாக நீவாடு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

பாடநூலில் அமைதியாகச் சீராகப் போகும் ஓட்டத்துக்கு ‘வரிச்சீர் ஓட்டம்’, தாறுமாறாகப் போவதற்குச் ‘சுழற்சி ஓட்டம்’ என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது தவறு என்றே நினைக்கிறேன். குழாயில் அமைதியாக, அடுக்கடுக்காகப் போகும் நீரில்கூட நடுவில் வேகம் அதிகம், சுவர் அருகே குறைவு. அந்த வேறுபாட்டாலேயே நீரின் ஒவ்வொரு சிறு கூறுக்கும் சுழற்சி உண்டு. பாய்ம இயக்கவியலில் சுழற்சி என்பது தனியான ஓர் அளவு. அந்தப் பெயரைத் தாறுமாறான ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டால், இரண்டு பாடம் தள்ளிப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். இந்த இழையில் இலங்கை நண்பர் சொன்ன ‘கொந்தளிப்பு’ இதைவிட எவ்வளவோ மேல்.

நானும் ஒரு தடவை சொல்லைப் பிழையாகக் கையாண்டேன். மாணவர்களை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். 1966-இல் கட்டியது, 28 தூண்கள், பரளியாற்றுக்கு 115 அடி உயரத்தில் தொட்டிக்குள் கால்வாய் போகிறது. நடைபாதையில் நின்று ஒரு காய்ந்த ரப்பர் இலையைத் தண்ணீரில் போட்டேன். அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்து போயிற்று. “பாருங்க, இதுதான் வரிச்சீர் ஓட்டம்” என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் இலையைப் பார்க்காமல் அதன் பின்னால் மிதந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சார், அது நேரா போகல்லியே, அங்கங்க வட்டம் போடுதே” என்றான். அங்கேயே கணக்குப் போட்டோம். ஏழரை அடி அகலத் தொட்டி, நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்தாலும் ரெனால்ட்ஸ் எண், அதாவது ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று காட்டும் எண், பல லட்சம் வருகிறது. கண்ணுக்கு அமைதி, உள்ளே முழுக்கக் கொந்தளிப்பு.

1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டுப் பார்த்தது இதைத்தான். எங்கள் ஆய்வகத்திலும் அதே சோதனை உண்டு. வால்வை லேசாகத் திறந்தால் நீலச் சாயம் ஒரு நூல் இழுத்தாற்போல் குழாயின் மறுமுனை வரை போகும். இன்னும் கொஞ்சம் திறந்தால் நூல் நெளியும். அப்புறம் ஒரு கட்டத்தில் படக்கென்று அறுந்து குழாய் முழுக்க நீலமாகிவிடும். ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ இரண்டாயிரத்துக்குக் கீழே இருக்கிறவரை நூல் நூலாகவே இருக்கும்.

அந்த நூல் போன்ற ஓட்டத்துக்கு என்ன பெயர்? ‘அடுக்கொழுக்கு’ என்று இந்த இழையில் முன்பே எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> ஒழுக்கு என்றால் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும். பாடநூலில் எழுதினால் சிரிப்பார்கள்.

சென்னையில் சிரிக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர், ஆற்றின் இழுப்புக்கு ஒழுக்கு என்று பெயர். குழித்துறை ஆற்றங்கரையில் என் அம்மா என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஒழுக்கு கூடுதலா இருக்கு, எறங்காத மக்ளே.” மலையாளம் கலந்த பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒழுகு என்பது நம் பழைய வேர். ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று குறளில் வருவதும், ஒழுக்கம் என்ற சொல்லும் இதிலிருந்து வந்தவைதான். ஒரு தடத்தில் விலகாமல் செல்வதுதான் அதன் உள்பொருள். வரிச்சீர் என்பது சீரான கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. அடுக்கின் மேல் அடுக்கு வழுக்கிப் போவதை அது சொல்லவில்லை. கூரை ஒழுகுவதுதான் இடைஞ்சல் என்றால், பொறியியலில் அதற்குக் ‘கசிவு’ ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது, இந்த இழையில் உளவியல் அக்கா சொல் கேட்டது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் சொன்ன ஃப்ளோ, அதாவது செய்கிற வேலையில் தன்னையே மறந்து போகும் நிலை. அவர் பேட்டி கண்ட பலரும், ஆற்று நீர் தங்களை ஏந்திக்கொண்டு போவது போல இருந்தது என்று சொன்னதால்தான் அந்தப் பெயரே வந்தது. இங்கே வந்த ‘மூழ்குநிலை’யை அதனால்தான் ஏற்க முடியவில்லை. மூழ்குகிறவனை நீர் ஏந்துவதில்லை. ‘லயிப்பு’ அழகான சொல், ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவருக்கும் லயிப்பு வரும். இது செய்கிறவருக்கு மட்டும் வருவது. ‘ஓட்டநிலை’ என்றால் யாரோ தப்பி ஓடுகிற மாதிரி இருக்கிறது.

குலசேகரத்துக்கு அருகில் என் தாய்மாமன் ரப்பர் வெட்டுகிறார். விடியுமுன் நெற்றி விளக்கோடு இறங்குவார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வரும். பழைய வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலைச் சரக்கென்று உரித்துப் போடுவார். அப்புறம் கத்தியை வைத்துச் சரிவாக ஒரே இழுப்பு. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டைதான் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம். சீவின கையோடு வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றாகி, சரிவில் வழிந்து சிரட்டையில் விழத் தொடங்கும். அதற்குள் அவர் அடுத்த மரத்தில் நிற்பார். எப்படி அளவு தப்பாமல் வருகிறது என்று கேட்டேன். “கை தன்னால போவும் மக்ளே. நாம நெனச்சா பட்டை கிழிஞ்சு போவும்” என்றார்.

அந்தப் பாலும் என் கணக்கில் ரெனால்ட்ஸ் எண் ஒற்றை இலக்கத்தில் போவது. தொட்டிப்பாலத்தில் நான் தேடின அடுக்கொழுக்கு அந்தப் பட்டையில் இருந்தது. வெட்டுகிற கையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா சொன்ன அடையாளங்களும் அங்கே உண்டு: செய்ய வேண்டியது தெளிவு, திறமைக்குச் சரியான அளவில் கடினம், சரியா தப்பா என்பது பால் அரும்பும்போதே தெரிந்துவிடுகிறது.

ஆகவே அந்த நிலைக்கு ‘ஒழுக்குநிலை’ என்று முன்மொழிகிறேன். ஒழுக்கம் என்ற சொல்லோடு உரசுகிறதே என்று அக்கா தயங்குவது புரிகிறது. எனக்கு அந்த உரசல் பிடித்திருக்கிறது. தினம் விடாமல் ஒரே நேரத்துக்கு எழுந்து மரத்தடிக்குப் போகிறவருக்குத்தான் அந்தக் கை வாய்த்திருக்கிறது.

வருகிற பருவத்துக்கான ஆய்வக ஏட்டை இந்த வாரம் அச்சுக்குக் கொடுக்கிறேன். அடுக்கொழுக்கு, கொந்தளிப்பு ஓட்டம் என்று எழுதி, பக்கத்தில் பாடநூல் சொற்களையும் போட்டிருக்கிறேன், தேர்வில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போய்விடக் கூடாதே. நீவாடு வகைகளைக் கடற்கரை நண்பர்கள் யாராவது முழுதாக எழுதி அனுப்பினால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவேன்.