கோரா தேவாலய ஓவியத்துக்குத் தமிழில் என்ன பெயர் போடலாம்?

இஸ்தான்புல் கோரா தேவாலயத்துச் சுவரோவியம் ஒன்றுக்குத் தமிழில் படவிளக்கம் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். சனிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

ஓவியம் தெற்குப் பக்கச் சிற்றாலயத்தின் அரைக்குவிமாடத்தில் இருக்கிறது. 1315-1321 காலத்தது, பைசாந்தியப் பேரரசின் உயர் அதிகாரி தியோடர் மெட்டோகைட்டிஸ் செலவில் வரையப்பட்டது. வெள்ளுடை அணிந்த கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து தூக்கி இழுக்கிறார். கை கோத்து அல்ல, மணிக்கட்டைப் பிடித்து! காலடியில் சாத்தான் கட்டுண்டு கிடக்கிறான். சுற்றிலும் பூட்டுகளும் சாவிகளும் சிதறிக் கிடக்கின்றன. மேலே கிரேக்கத்தில் 'அனஸ்டாசிஸ்', அதாவது உயிர்த்தெழுதல் என்று எழுதியிருக்கிறது.

முதலில் 'உயிர்ப்பு' என்று போட்டேன். படித்த நண்பர், "கிறிஸ்து உயிர்த்தெழுந்த பின் இருந்த காலிக் கல்லறை எங்கே?" என்றார். சரி என்று, கிறிஸ்தவர்கள் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் வருகிற மாதிரி 'பாதாளத்தில் இறங்குதல்' என மாற்றினேன். ஆனால் படத்தில் இறங்குவதா தெரிகிறது? ஏற்றுவதுதான் தெரிகிறது. கிரேக்கச் சொல்லையே விட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. அகராதிகளும் கைகொடுக்கவில்லை. பங்குத்தந்தையிடம் கேட்டேன், இரண்டுமே சரி என்று சிரித்தார்.

கிழக்கத்திய கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் மரபின் இந்தக் காட்சிக்குத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் பெயர் ஏதாவது உண்டா?